அரக்கத் தாயைச் சைவமாக்கிய செயலி

கதை சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றுக்கு மாதம் 20 டொலர், நம் காசில் ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய், கட்டலாமா என்று எனக்குத் தெரிந்த முன்பள்ளி ரீச்சர்மார் சிலர் கேட்டிருந்தார்கள். கட்டிப் பாவித்துப் பார்த்ததை எழுதுகிறேன். செயலியின் பெயரைப் போடவில்லை. குறை நிறையச் சொல்லப்போகிறேன், பெயரைப் போட்டால் பிறகு அவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது துருக்கி நாட்டுப் பழங்கதைகள். பஞ்சதந்திரமும் தெனாலிராமனும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். துருக்கிக்காரரில் முல்லா ஒருவரைத்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. அதோடு, அக்காவின் மகள் துருக்கி அரசின் புலமைப்பரிசிலில் அங்கே படிக்கிறாள். செயலி சொல்வது சரியா, சும்மா விடுகிறதா என்று அவளை வட்ஸ்அப்பில் பிடித்துக் கேட்கலாம். இப்படி ஒரு ஆள் இல்லாவிட்டால் இந்த மதிப்புரை வெறும் புகழ்மாலையாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால் செயலி எழுதும் தமிழ் வாசிக்க வழுவழுவென்று இருக்கும், பிழை கண்ணில் படாது.

இடம், கோண்டாவில் பக்கத்தில் எங்கள் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை. சனிக்கிழமை பின்னேரம் ரியூசன் முடித்து வரும் சின்னப் பிள்ளைகளுக்கு நான் அங்கே கதை சொல்வது வழக்கம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் தாய்மார் சிலர் வாசலில் நின்று, “ரீச்சர், இது ஸ்கொலசிப்புக்கு உதவுமோ?” என்று கேட்பார்கள். உதவாது என்று சொல்லித்தான் உள்ளே விடுகிறேன்.

முதலில் கதையின் வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். துருக்கிக் கதை நேரே ராசாவிடம் போகாது. தொடக்கத்தில் ஒரு பெரிய புளுகு மூட்டையை அவிழ்ப்பார்கள். ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். பழைய காலத்துக்குள்ளே, வைக்கலுக்குள்ளே அரிதட்டுக் கிடந்த காலத்திலே, ஒட்டகம் ஊரெல்லாம் பறையறைந்து செய்தி சொன்ன காலத்திலே, தெள்ளுப்பூச்சி சலூன் வைத்திருந்த காலத்திலே, என் அம்மாவின் ஏணையை நான் ஆட்டிக்கொண்டிருந்த காலத்திலே... இப்படிப் போகும். கேட்கிறவர் இனி எதையும் நம்பலாம், எதையும் நம்ப வேண்டியதுமில்லை என்று இந்த வாசலிலேயே தெரிந்துவிடும். இதைத் தெகெர்லெமே என்கிறார்கள்.

செயலியிடம் “துருக்கி நாட்டுப் பாரம்பரியக் கதை ஒன்று சொல்” என்று மட்டும் கேட்டால் இதில் ஒரு வரியும் வராது. “அழகிய அனத்தோலிய மலைகளின் மடியில், பசுமையான ஒரு கிராமத்தில்...” என்று தொடங்கும். சுற்றுலாத்துறைக்காரர் எழுதும் வசனம். தெகெர்லெமே வேண்டும் என்று கேட்டபோது உடனே தந்தது, அதுவும் சரியாகவே தந்தது. ஒட்டகம், தெள்ளு, தொட்டில் எல்லாம் இருந்தன. அதாவது, அதற்குத் தெரியும். கேட்டால் ஒழியத் தராது. சலூனும் ஏணையும் நான் போட்டவை. பிள்ளைகள் அன்றைக்குக் கதைக்குள் போகவே விடவில்லை. “காகம் ரியூசன் குடுத்த காலத்திலே”, “மினிபஸ் நேரத்துக்கு வந்த காலத்திலே” என்று தாங்களே அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆறாயிரம் ரூபாயில் பாதி அந்தப் பின்னேரத்திலேயே திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பெரிய கதை ஒன்று. பாதுஷா ஒருவரின் தோட்டத்தில் பொன் அப்பிள் மரம். இரவில் அரக்கன் வந்து பழத்தைக் கொண்டுபோய்விடுகிறான். மூத்தவர்கள் இருவரும் காவலில் தோற்க, கடைக்குட்டி இளவரசன் அரக்கனைக் காயப்படுத்தி, இரத்தச் சுவட்டைப் பிடித்து ஒரு கிணற்றடிக்குப் போகிறான். மூத்தவர்கள் கயிற்றில் இறங்கி “எரியுது, எரியுது” என்று கத்த, மேலே இழுத்துவிடுகிறார்கள். இளையவன் சொல்கிறான்: நான் எரியுது என்று கத்தக் கத்த இன்னும் கீழே விடுங்கள். கீழே மூன்று பெண்கள். அவர்களை மேலே அனுப்பியதும் அண்ணன்மார் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். வெள்ளைக் கடா ஒன்றும் கறுப்புக் கடா ஒன்றும் வரும், வெள்ளையின் முதுகில் விழுந்தால் மேலுலகம், கறுப்பின் முதுகில் விழுந்தால் ஏழு அடுக்குக் கீழே என்று அந்தப் பெண்களில் ஒருத்தி முன்பே சொல்லியிருக்கிறாள். அவன் கறுப்பில்தான் போய்ச் சேர்கிறான்.

கீழுலகத்தில் அன்கா என்ற பெரும்பறவையின் குஞ்சுகளைப் பாம்பிடமிருந்து காப்பாற்றுகிறான். நன்றிக்கடனாகப் பறவை அவனை மேலே தூக்கிப் போகிறது. வழிக்கு 40 ஆட்டின் இறைச்சியும் 40 தோற்பை தண்ணீரும் வேண்டும். “காக்” என்றால் இறைச்சி கொடுக்க வேண்டும், “கூக்” என்றால் தண்ணீர். கரைக்குக் கிட்டப் போகும்போது இறைச்சி முடிந்துவிடுகிறது. அவன் தன் தொடையை அறுத்துக் கொடுக்கிறான். இது மனித இறைச்சி என்று ருசியிலேயே பறவைக்குப் பிடிபட்டுவிடுகிறது. அது விழுங்காமல் நாக்குக்குக் கீழே வைத்திருந்து, மேலே இறங்கியதும், “நட பார்ப்போம்” என்கிறது. அவன் நொண்டுகிறான். சதையை எடுத்து அதே இடத்தில் ஒட்டிவிடுகிறது.

கிணறு, கயிறு, ஆடு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதில் எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கதையைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்க வந்த பிள்ளைகளும் உண்டு.

செயலி முதலில் தந்த கதையில் கயிறு அறுபடவேயில்லை. அண்ணன்மார் மனம் திருந்தினார்கள். கடா இல்லை. பறவைக்குப் பழங்கள் கொடுத்தார்கள். தொடைக்குப் பதிலாக இளவரசன் “தன் அன்பையே உணவாக” அளித்தான். கடைசியில் மூவரும் அப்பிளைப் பங்கிட்டு உண்டார்கள். அதற்குக் கீழே, “இந்தக் கதையிலிருந்து நாம் கற்பவை” என்று மூன்று புள்ளிகள். வாசலில் நிற்கும் தாய்மாருக்கு அந்த மூன்று புள்ளிகள்தான் மிகவும் பிடித்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரக்கத் தாயின் கதி இதைவிட மோசம். துருக்கிக் கதைகளில் இவள் வந்தாலே கதை நிமிர்ந்துவிடும். மலைபோல இருந்துகொண்டு, முலைகளைத் தோளுக்கு மேலால் முதுகில் எறிந்துவிட்டு வேலை செய்துகொண்டிருப்பாள். வழிப்போக்கன் பதுங்கிப் போய் அவளிடம் பால் குடித்துவிட வேண்டும். குடித்துவிட்டால் அவன் அவளுக்குப் பிள்ளை, தின்ன முடியாது. “பால் குடித்திராவிட்டால் உன்னை ஒரே வாயில் விழுங்கியிருப்பேன்” என்பாள். பிறகு தன் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் வந்ததும் ஒரு அறை விட்டு அவனை அப்பிளாகவோ விளக்குமாறாகவோ மாற்றி ஒளித்துவைப்பாள். அவர்கள் வந்து, “மனித இறைச்சி மணக்குதே” என்று மோந்து திரிவார்கள். பல்லைக் குத்திப் பாருங்கள் என்பாள் தாய். குத்தினால் பல்லிடுக்கிலிருந்து மனிதக் கால் ஒன்று விழும்.

செயலியின் அரக்கத் தாய் “தனிமையில் வாடும் ஒரு மூதாட்டி”. இளவரசன் அவளை “அம்மா” என்று அன்போடு அழைக்கிறான், அவள் மனம் உருகுகிறாள், எல்லோருமாக இருந்து மரக்கறிச் சூப் குடிக்கிறார்கள். பால் இல்லை, அறை இல்லை, பல்லிடுக்குக் கால் இல்லை. “பழைய கதையில் உள்ளபடி சொல்” என்று வற்புறுத்தினால், சிறுவர்களுக்கு ஏற்றதல்ல என்று ஒரு முன்னுரையோடு அரைகுறையாகத் தருகிறது. அந்தக் கால் விழும் இடத்தை நான் வாயால் சொன்னபோது வாசிகசாலையில் எழும்பிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒரு பிள்ளையும் பயந்து அழவில்லை. அடுத்த கிழமையும் அதையே கேட்டார்கள்.

கதை வாய்க்கு வாய் மாறும் என்பது உண்மைதான். என் அப்பம்மா ஒரே கதையை இரண்டு தரம் ஒரே மாதிரிச் சொன்னதில்லை. ஆனால் அவர் மாற்றியது சதையை. எலும்பில் கை வைக்கமாட்டார். ஏழு என்றால் ஏழுதான், தலையை வெட்டினான் என்றால் வெட்டினான்தான். துருக்கிக் கதைகளிலும் அப்படித்தான். கல்யாணம் 40 நாள் 40 இரவு நடக்கும், பறவை கேட்பது 40 ஆடு, பால் குடித்தால் பிள்ளை. எலும்பு மாறாமல் நின்றதால்தான் அங்காராவில் இருந்த பெர்தெவ் நாயிலி போரதாவும், ஜெர்மன்காரரான வுல்ப்ராம் எபர்ஹார்ட்டும் சேர்ந்து துருக்கிக் கதைகளை 378 வகைகளாகப் பிரித்து 1953இல் ஒரு பட்டியலையே வெளியிட முடிந்தது. செயலி நேர்மாறாக வேலை செய்கிறது. வர்ணனையும் உபதேசமும் ஒவ்வொரு முறையும் அசையாமல் வருகின்றன, எலும்புதான் மாறுகிறது. இன்றைக்குக் கடா, நாளைக்குக் குதிரை, அன்கா ஒருநாள் பொன்னிறக் கிளி.

ஏன் இப்படி என்பதற்கு மாயமந்திரம் ஒன்றும் இல்லை. அது கதையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதில்லை. படித்த கோடிக்கணக்கான வரிகளை வைத்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துப் பார்த்துக் கோக்கிறது. “சிறுவர் கதை” என்றதும் அது படித்த ஊர்ப்பட்ட சிறுவர் கதைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கின்றன. கறுப்புக் கடாவுக்கு அங்கே பலம் போதாது.

இதே குணத்தால் இன்னொரு வில்லங்கம். கெலோலான் என்றொரு மொட்டைப் பெடியன் துருக்கிக் கதைகளில் வருவான். ஏழை, கிழவித் தாயோடு இருப்பவன், சோம்பேறி போலத் தெரிவான், ஆனால் பாதுஷாவையும் அரக்கனையும் ஏய்த்துவிட்டு இளவரசியைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். அவனுடைய கதை ஒன்றைக் கேட்டேன். தந்தது. எந்த ஊர்க் கதை, யார் தொகுத்தது என்று கேட்டதற்கு, பேராசிரியர் ஒருவரின் பெயர், நூல், பக்க எண் வரைக்கும் சொன்னது. பெறாமகள் பல்கலைக்கழக நூலகத்தில் தேடினாள். அப்படி ஒரு நூல் இல்லை, அந்தக் கதையும் எந்தத் தொகுப்பிலும் இல்லை. “இது உண்மையா?” என்று நான் திருப்பிக் கேட்டவுடன் மன்னிப்புக் கேட்டு, புதிதாக இன்னொரு நூலின் பெயரைத் தந்தது. புதிய கதை கட்டுவது குற்றமில்லை. கட்டியதைப் பாரம்பரியம் என்று முத்திரை குத்தித் தருவதுதான் ஆகாத வேலை. பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் நான் இதை மன்னிக்கமாட்டேன்.

சரி, வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் மலிவான வழி. ஹங்கேரிக்காரர் இக்னாட்ஸ் கூனோஷ் 1880களில் துருக்கிக்குப் போய்ச் சனங்களின் வாயிலிருந்து கதைகளைக் கேட்டு எழுதினார். அவருடைய 44 கதைகளின் ஆங்கிலப் பதிப்பு 1913இல் லண்டனில் வந்தது. உரிமைக் காலம் கடந்துவிட்டதால் இணையத்தில் இலவசம். இன்னொன்று, வாரன் வோக்கரும் அஹ்மெத் உய்சாலும் 1960களிலிருந்து ஊர் ஊராகப் பதிவுசெய்த கதைகள். அவை அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு தனிக் காப்பகமாக இருக்கின்றன. ஆங்கில மொழிபெயர்ப்புகளை இணையத்திலேயே வாசிக்கலாம். இவற்றில் ஒரு கதையை அப்படியே செயலிக்குள் ஒட்டி, “நிகழ்ச்சி ஒன்றையும் கூட்டாதே, குறைக்காதே, உபதேசம் வேண்டாம், ‘இருந்தானாம், போனானாம்’ என்று சொல்வது போல எழுது” என்று கட்டளை கொடுங்கள். ஆள் மாறிவிடுகிறது. அரக்கத் தாய் பால் கொடுக்கிறாள், அறைகிறாள், கால் விழுகிறது. முன்னால் கதை இருக்கும்போது அது ஞாபகத்திலிருந்து கோக்க வேண்டியதில்லை. நான் இப்போது பாவிப்பது இந்த விதத்தில் மட்டும்தான்.

அப்படியும் சில இடங்களில் கண் வேண்டும். துருக்கிக் கதையில் வழிநடை ஒரு விளையாட்டு: கொஞ்சம் போனானாம், தூரம் போனானாம், ஆறும் மேடும் தாண்டிப் போனானாம், ஆறு மாதம் போனானாம், திரும்பிப் பார்த்தால் ஒரு வாற்கோதுமை நீளம்தான் போயிருக்கிறானாம். செயலி இதை “நீண்ட பயணம் மேற்கொண்டான்” என்று மூன்று சொல்லில் முடித்துவிடும். யாழ்ப்பாணப் பேச்சில் எழுதச் சொன்னால் இன்னும் பகிடி. பாதுஷா தன் மந்திரியைப் பார்த்து “என்ன மச்சான்” என்கிறார், அடுத்த வரியில் சென்னைப் படத்துத் தாதா மாதிரிக் கதைக்கிறார், அதற்கடுத்த வரியில் “விளங்குதோ?” என்கிறார். எழுத்துத் தமிழில் வாங்கி, சொல்லும்போது நாமே ஊர்ப்பேச்சுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

குரல் வசதிக்கு இந்தக் கட்டணத்தில் பெரிய பங்கு என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். பல குரல்கள் உண்டு. தமிழ்க் குரல் தெளிவு, ழகர ளகரம் நம்மில் பலரை விடத் திருத்தம். ஆனால் அது வாசிக்கிறது, சொல்லவில்லை. துருக்கியில் காப்பிக்கடைகளில் மெத்தாஹ் என்ற கதைசொல்லிகள் இருந்தார்கள். ஒரு தடி, ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் மூலதனம். தடியைத் தட்டிக் கதையைத் தொடங்குவார்கள், கைக்குட்டையை வாயில் பொத்தி ஆளுக்கு ஆள் குரலை மாற்றுவார்கள். அந்தக் கலை 2008இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. அந்தத் தடிக்கு இருக்கும் மதிப்பு இந்தக் குரலுக்கு இல்லை. பிள்ளை “ம்” கொட்டினால் கதை தொடர வேண்டும், கொட்டாவிட்டால் நிற்க வேண்டும். ஸ்பீக்கர் நிற்காது. “அப்ப அந்த மூன்று பெட்டையளும் எங்க?” என்று ஒருத்தி கேட்டபோது கதை கீழுலகத்துக்குப் போய்விட்டது. பேசிப் பதில் சொல்லும் முறையும் இருக்கிறதுதான், ஆனால் ஒரே நேரத்தில் பல பிள்ளைகள் கத்தினால் அது தடுமாறி, “மன்னிக்கவும், மீண்டும் சொல்ல முடியுமா?” என்று நிற்கிறது. தனியாக ஒரு பிள்ளை, அமைதியான அறை என்றால் பரவாயில்லாமல் இருக்கலாம். எங்கள் வாசிகசாலைக்குச் சரிவராது.

படம் வரையும் வசதி நான் எதிர்பார்த்ததைவிட நன்று. பறையறையும் ஒட்டகமும் கத்தரிக்கோல் பிடித்த தெள்ளும் அருமையாக வந்தன. அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கெலோலானுக்கு மட்டும் எப்படிச் சொன்னாலும் கொஞ்சம் தலைமயிர் வைத்துவிடும். படத்துக்குள் தமிழ் எழுத்துக் கேட்காதீர்கள், கொம்பும் காலும் இடம் மாறி வரும்.

கதை முடிவுக்கும் அது உதவியது. வானத்திலிருந்து மூன்று அப்பிள் விழுந்தன, ஒன்று சொன்னவருக்கு, ஒன்று கேட்டவருக்கு என்று துருக்கிக் கதை முடியும். மூன்றாவது யாருக்கு என்பது சொல்கிறவரின் இஷ்டம். அந்த மூன்றாவது அப்பிளுக்கு விதவிதமாக ஆள் கேட்டால் செயலி சலிக்காமல் அடுக்குகிறது. “கதை நடுவிலே நித்திரையானவருக்கு”, “கதவை மூட மறந்தவருக்கு” இரண்டும் அது தந்தவை, இரண்டும் எங்களிடம் நிலைத்துவிட்டன.

காசு விஷயம். இலவசமாகவும் பாவிக்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. இந்தச் செயலிகள் எழுத்தைத் துண்டு துண்டாக்கித்தான் எண்ணும். ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிகத் துண்டுகளாகும், அதனால் நீளமான கதை ஒன்றிலேயே இலவச அளவு கரைந்துவிடும். பணம் கட்ட வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதியுள்ள கார்ட் வேண்டும். எனக்குக் கனடாவில் இருக்கும் தம்பி கட்டினான். ஒரு மாதம் கட்டி, வேண்டிய கதைகளை மேலே சொன்ன விதத்தில் தமிழில் எடுத்து, அச்சடித்து வைத்துக்கொண்டு நிறுத்திவிடலாம். ஆண்டுச் சந்தா தேவையில்லை. சனசமூக நிலையம் ஒன்று கட்டினால் நாலைந்து ரீச்சர்மார் பங்கிட்டுப் பாவிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன், ஒரு கணக்கு ஒருவருக்குத்தான் என்று நிபந்தனையில் இருக்கிறது.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயர், வயது, பள்ளிக்கூடம், படம் கொடுத்தால் அந்தப் பிள்ளையையே கதாநாயகனாக்கித் தரும். ஊர்ப் பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் எங்கேயோ இருக்கும் கணினிக்கு அனுப்ப எனக்கு உரிமை இல்லை, அதனால் அதைத் திறக்கவேயில்லை. நீங்களும் திறக்க வேண்டாம். பிள்ளைகளிடம் வாயால் கேட்டுப் பார்த்தேன், கெலோலானாக வர யாருக்கு விருப்பம் என்று. ஒரு கை எழும்பியது. மற்ற எல்லோரும் பல்லுக் குத்தும் அரக்கனாக வரத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.